நீல பிஸ்கட் டின்

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள், கணவனும் மனைவியும். அறுபதைத் தாண்டியவர்கள். பாயான் பாரு போகும் பஸ். அவர் மடியில் மருந்துப் பை.

"ஸ்டோர் ரூம்ல இருக்கிற சாமானையெல்லாம் தூக்கிப் போட்ரு லா," என்றார் அவர், திடீரென்று.

அந்த அம்மாள் அவரை முறைத்துப் பார்த்தார். "முப்பது வருசமா கத்துறேன். ஒரு துருப்பிடிச்ச ஸ்க்ரூவக்கூட தொட விட்டதில்ல நீங்க."

"இப்ப விடுறேன்ல."

"போன வாரம்கூட எவன் வீட்டுக் குப்பையிலயோ கிடந்த ஃபேன் மோட்டாரத் தூக்கிட்டு வந்தீங்க. பின்னாடி ஆவும்னு சொன்னீங்க."

"அது போன வாரம்." வலது கையை நீட்டிக் காட்டினார். பஸ் சிவப்பு விளக்கில் நின்றிருந்தது. அவருடைய விரல்கள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. "டாக்டர் சொன்னத நீயும்தான கேட்ட? இந்தக் கைய வெச்சிக்கிட்டு எந்த ஸ்க்ரூவ முடுக்குறது? பழைய பேப்பர் லோரி வந்தா எல்லாத்தயும் ஏத்தி விட்ரு."

இரண்டு நிறுத்தங்கள் வரைக்கும் அந்த அம்மாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பினார்.

"குசினியில பாத்திரம் கழுவுற பைப் ஒழுகுதே, அதுக்கு வாஷர் எந்த டின்ல இருக்கு?"

"நீல பிஸ்கட் டின்ல. எதுக்கு?"

"நீங்க பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து எப்படின்னு சொல்லுங்க. முடுக்குறது நான்."