ஜன்னலோர சீட்டு

"வாப்பாவ அடக்கத்துக்குத் தூக்கிட்டுப் போனத ஆகாசத்துலருந்து பார்த்தேன் காக்கா."

ஒட்டுக்கேட்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் இதற்குப் பிறகு காதை மூட முடியவில்லை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பேருந்தில், முன் இருக்கையில் இருந்தவர் சொன்னார். அவர் பையில் புதிதாக வந்த விமானக் கம்பெனியின் அட்டை தொங்கியது. காயல்பட்டினத்திலிருந்து அழைத்துப்போக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அவர் காக்கா என்று கூப்பிட்ட அண்ணன் முறை உறவினர் திரும்பிப் பார்த்தார்.

"அவ்வளவு உயரத்துலருந்தா?"

"ஏழு மணிக்குக் கெளம்ப வேண்டியது. இந்தா, இந்தான்னு சென்னையிலயே அஞ்சு மணி நேரம் உக்கார வச்சிட்டாங்க. மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சு அடக்கம்னு சொன்னீங்கல்லா? சரியா அந்த நேரத்துக்கு, எறக்காம ஊருக்கு மேல சுத்துனான். கடக்கரையோரம் வெள்ளை வெள்ளையா நம்ம ஆளுக தொப்பி. கண்ணால பார்த்தேன்."

"பார்த்துட்டல்லா. அது போதும்."

ஆத்தூர்ப் பாலம் வருவதற்குள் அவர் தூங்கிப்போனார். உறவினர் போனை எடுத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"உப்பளத்துல குவிச்சிருக்க உப்பப் பார்த்திருக்கான். நம்ம ஜனம்னு நெனச்சுக்கிட்டான். பிளேன் லேட்டுன்னதும் காலையிலேயே அடக்கிட்டோம்னு வீட்டுல யாரும் வாயத் தொறக்கப்படாது."