பேர் எழுதாத பூதம்

உக்காருங்க சார், உங்க வீட்டம்மா சாமானத்தான வாங்க வந்தீங்க, குடுத்துடலாம். அதுக்குள்ள என்ன அவசரம்? மேடம்லாம் வேணாம். இங்க எல்லாருக்கும் நான் அக்காதான், அவளுக்கும் அப்படித்தான். நாலு வருஷமா எங்க ஆபீஸ்ல எழுதினாளே, என்ன எழுதுறான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? பேய்க்கதையா? சரியாப் போச்சு.

பேய்க்கதை இல்ல, இது ஒரு விளையாட்டு. அஞ்சாறு பேர் மேசையச் சுத்தி உக்காருவாங்க. ஒருத்தர் கதை சொல்லுவார், மத்தவங்க வீரன், மந்திரவாதின்னு ஆளுக்கொரு வேஷம். பகடைய உருட்டிச் சண்டை போடணும். வழியில மறிக்க பூதம், ராட்சசன்லாம் வேணும்ல? அதுக்குத்தான் நாங்க புத்தகம் போடுறோம். ஒரு பூதத்துக்கு ஒரு பக்கம். எங்க கெடக்கும், என்ன திங்கும், எவ்வளவு பலம், எப்படி அடிச்சு விழுத்துறது, அவ்வளவும் இருக்கணும்.

எதைச் சேக்குறது, எதை வெட்டுறதுன்னு பாக்குறது என் பொழப்பு. இந்தத் தடவை நூத்திப் பதினாலு வந்துச்சு, எண்பதுக்குத்தான் இடம். ஒருத்தர் மூணு தலை ஆமைய எழுதிக் கொண்டாந்தார். எதுக்குய்யா மூணு தலைன்னேன், ஒரு வாரம் என்கூடப் பேசல.

உங்க வீட்டம்மா எழுதினத நான் வெட்டினதே இல்ல. சேத்துல ஒண்ணு கெடக்கும், முங்கிச் செத்தவங்க குரல்லயே வீட்டு ஆளுங்களக் கூப்பிடும்னு எழுதினா. எங்க ஓவியர் அதுக்குப் படம் போட்டுட்டு ஒரு மாசம் ஆத்துப் பக்கம் போகல.

போன மழைக்காலத்துல ஒண்ணு கொண்டாந்தா. பேர் எழுதுற எடத்துல வெறும் கோடு. ஏம்மா பேர் வெக்கலன்னேன். பேர் சொன்னா அதுக்குப் புடிக்காதுக்கான்னா. நான் சிரிச்சேன் சார். நல்லாருக்குன்னு சொல்லிச் சிரிச்சேன்.

படிச்சா கொம்பு இல்ல, கோரைப்பல்லு இல்ல. வீட்டுக்குள்ளயே இருக்கும். கத்தாது, மெதுவாத்தான் பேசும். விருந்தாளி வந்தா நாற்காலிய இழுத்துப் போட்டு விழுந்து விழுந்து கவனிக்கும். வாசல்ல செருப்பக் கழட்டுற சத்தத்த வெச்சே, இன்னைக்கு எப்படின்னு வீட்ல இருக்குற பொம்பளைக்குத் தெரிஞ்சுடும். குழந்தை மேல கை வெக்காது. ஆனா குழந்தையப் பாக்குற மாதிரி நிக்க வெச்சிட்டுத்தான் மத்ததெல்லாம்.

நான் செவப்பு மையில என்ன எழுதினேன் தெரியுமா? நம்பற மாதிரி இல்ல. அந்தப் பொம்பளை ஏன் ஓடல? இது நம்ம புத்தகத்துல சேராது. அப்படியே திருப்பிக் குடுத்துட்டேன். சரிக்கான்னு மடிச்சா. எடது கையாலயே மடிச்சா சார், வலது கை பூரா கட்டு. என்னடின்னதுக்கு கதவிடுக்குல நசுங்கிடுச்சுன்னா. நானும் பாத்து இரும்மான்னுட்டு அடுத்த பக்கத்தத் திருப்பிட்டேன். அதான் என்னைய இன்னைக்கு வரைக்கும் போட்டு அறுக்குது.

இருங்க இருங்க, கதவு எங்கயும் போயிடாது. முடிக்கப் போறேன்.

போன மாசம் நீங்க போன் பண்ணீங்க, அவ இனிமே வேலைக்கு வர மாட்டான்னு. அவகிட்டக் குடுங்களேன்னேன், தூங்குறான்னீங்க. காலைல பதினோரு மணிக்கு. எவ்வளவு மரியாதையாப் பேசினீங்க, எவ்வளவு மெதுவா! போன வெச்சதும் எந்திரிச்சேன். நேராப் போய் அவ மேசை டிராயரை இழுத்தேன். அதே பூதம் சார். ஒரு பக்கம் இல்ல, பதினேழு பக்கம். ஒவ்வொண்ணுலயும் தேதி. எந்த ரூமு, எதால, பாப்பா எங்க நின்னான்னு, ஒண்ணு விடல.

வாட்ச்ச ஏன் கழட்டி மேசைல வெக்கிறீங்க?

ம். அதையும் எழுதியிருக்கா. எல்லாத் தேதியிலயும் மொத வரி அதுதான்.

உக்காருங்க. அந்தக் கதவுக்குப் பின்னாடி எங்க ஆளுங்க ஆறு பேரு நிக்கிறாங்க. அந்த ஆமைக்காரரும்தான், நல்ல உடம்பு அவருக்கு. நான் ஒளிக்கல, எனக்கும் பயமாத்தான் இருக்கு. நாலு வருஷம் அவளுக்கு இப்படித்தான இருந்திருக்கும்.

அந்தப் பதினேழு பக்கமும் புத்தகத்துல வராது. வேற எடத்துல சேத்தாச்சு. வக்கீலம்மா முந்தாநாளே கோர்ட்டுல குடுத்துட்டாங்க.

சாமானா? இங்க ஒண்ணுமில்லையே சார். ஒரு ஸ்வெட்டர், ரெண்டு பேனா, அவ்வளவுதான் இருந்துச்சு. காலைலயே உங்க மச்சான், அவகூடப் பொறந்தவர்தான், வந்து வாங்கிட்டுப் போயிட்டார். அப்புறம் நீங்க கெளம்பிட்டேன்னு சொன்னதுமே அவருக்குத்தான் மொத போன் பண்ணேன். அவள உள்ள வெச்சு வெளிய பூட்டிட்டுத்தான வந்தீங்க? தெரியும், அதான் பூட்டு ஒடைக்கிறவரையும் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். ரெண்டு பொம்பளை போலீஸும் கூடப் போயிருக்காங்க. இந்நேரம் பாப்பாவையும் பள்ளிக்கூடத்துல இருந்து ஏத்திக்கிட்டு ஊர் எல்லையத் தாண்டியிருப்பாங்க.

சரி சார், உங்கள ரொம்ப நேரம் புடிச்சு வெச்சிட்டேன். இப்பப் போகலாம்.