துரைக்கு ஒரு இலை

அட, சிரிக்காதீங்க தம்பி. டின்னு மீனுதான், வெண்ண தடவுன ரொட்டிதான். அந்த இலையிலயே வைங்க. ரொட்டி ரெண்டு துண்டு. ஆடி அமாவாசைக்கு எப்பவும் ஒண்ணுதான், இந்த வருசம் ரெண்டு. மொதல்ல டீயக் குடிங்க, ரங்கூன் பக்கம் இன்சீன்லேருந்து ரயிலு, பஸ்ஸுன்னு மாறி, பாலத்தத் தாண்டி வந்திருக்கீங்க. பழைய பூசாரியும் மொத வருசம் உங்களாட்டம்தான் முழிச்சாரு. அப்பறம் பழகிப்போச்சு. படையல் முடிஞ்சா துரைக்கு வெக்கிற ரம்மு பாட்டில மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டுப் போவாரு.

எத்தன இலையா? ரெண்டு. ஒண்ணு எங்க பாட்டன் முருகையாவுக்கு, இன்னொண்ணு துரைக்கு. மூணுன்னா சொன்னாரு எங்க வீட்டுக்காரரு? அவரு சொல்லுவாரு. அந்த மூணாவத சுருட்டி ஓரமா வைங்க, அத அப்பறம் பேசிக்கலாம்.

துரை வெள்ளக்காரருதான். சண்ட காலத்துல, தண்ணிக்குள்ள முங்கிப் போகுமே, சப்மெரினு, அதுக்குக் கேப்டன். பேரு தெரியாது. பீரங்கிச் சத்தத்துல பாட்டனுக்குக் காது அடச்சுப்போச்சு, அவரு பேரச் சொன்னது கேக்கல.

ரங்கூன ஜப்பான்காரன் பிடிச்சு வெச்சிருந்த நேரம். பாட்டனுக்கு சரக்குத் தோணியில வேல. ஜப்பான்காரனுக்கு அரிசி ஏத்திக்கிட்டுத் தெக்க போறாங்க. திடீர்னு பக்கத்துலயே கடலப் பொளந்துக்கிட்டுக் கருப்பா ஒண்ணு மேல வருது. திமிங்கலம்னு எல்லாரும் காளியாத்தாவக் கூப்புடுறாங்க. பாத்தா, மேல ஒரு மூடி தொறந்து வெள்ளக்காரத் தல ஒண்ணு எட்டிப் பாக்குதாம். திமிங்கலத்துக்கு ஏது மூடின்னு அப்பறந்தான் பாட்டனுக்குத் தோணுச்சாம்.

எல்லாரும் தண்ணியில குதிங்கன்னு துரை கையக் காட்டுறாரு. எதிரி அரிசிய விடுவாரா? பீரங்கியால அடிச்சுத் தோணிய முழுக்கிட்டாரு. சரி, வந்த வேல முடிஞ்சுது, போயிருக்கலாம்ல? ஜப்பான் ஏரோப்ளேன் கண்ணுல பட்டா அவரு கதையே முடிஞ்சுரும். ஆனா நின்னாரு தம்பி. ஒவ்வொருத்தரா ஏத்துனாரு. பாட்டன அல தள்ளிக்கிட்டுப் போயிருச்சு, துரை தானே கயித்த வீசி இழுத்தாராம்.

உள்ள எறக்குனா ஒரே எண்ண நாத்தம், மூச்சு முட்டுது. நாம செத்துட்டோம், இதுதான் எமலோகம்னு பாட்டன் முடிவே பண்ணிட்டாரு. அப்பப் பாத்து ஒருத்தன் டீயும் வெண்ண ரொட்டியும் கொண்டாந்து நீட்டுறான். எமன் வீட்டுல எவன் டீ குடுப்பான்? அப்பறந்தான் உசுரு வந்துச்சாம். மறுநா ஒரு மீன்காரப் படகுல எல்லாரையும் ஏத்திவிட்டுட்டு துரை மறுபடி முங்கிட்டாரு.

முங்குனவரு முங்குனவருதான். சண்ட முடிஞ்சு பாட்டன் இங்க தன்லியின் ஊருத் துறைமுகத்துல வேலைக்குச் சேந்தப்ப ஒரு ஆபீசரு சொன்னாராம், அந்தக் கப்பலு திரும்பவேயில்ல, ஒரு ஆளு தப்பல, எங்க கெடக்குன்னும் தெரியலன்னு. பாட்டன் ஓன்னு அழுதுட்டாரு. அந்த ஆடி அமாவாசைக்கே இலை போட்டுட்டாரு. தோணிய முழுக்குனவனுக்கா படையல்னு ஊரே சிரிச்சுது. பாட்டன் காதுதான் மந்தமாச்சே, கேக்காத மாதிரி இருந்துட்டாரு.

இப்பப் பாருங்க, பக்கத்து வீட்டு பர்மாக்காரங்களே வந்து கும்புட்டுப் போறாங்க. ஆனா துரை கோவக்காரரு. போன வருசம் டின்னு மீன மறந்துட்டேன், அன்னிக்கே தண்ணி மோட்டாரு பொகஞ்சுபோச்சு.

எது, அந்தப் போட்டோவா? துரைக்கு ஏது தம்பி போட்டோ? அது எம்மவன். வீட்டுல தமிழ்மணி, பாஸ்போட்டுல பர்மாப் பேரு, சோ வின். சரக்குக் கப்பல்ல வேல. மேல அந்த ஆணியா? எங்க வீட்டுக்காரரு மால மாட்ட அடிச்சது. மாலய நான் எடுத்துப் போட்டுட்டேன், ஆணிதான் வர மாட்டேங்குது.

இந்தச் சித்திரையில அடிச்ச புயல்ல அவன் கப்பலு முழுகிருச்சு. கம்பெனிக்காரன் காணோம்னுதான் சொன்னான், செத்துட்டான்னு சொல்லல. இவரு இன்னிக்கு அவனுக்கும் இலை போட்டே ஆவணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. மருமகளும் தலையாட்டுது. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, எத்தன நாளைக்குத்தான் வாசலப் பாக்குறது. எனக்குத்தான் மனசு வரல.

நீங்க ஒண்ணு பண்ணுங்க தம்பி. துரைக்குத் தீவாரதன காட்டுறப்ப நான் சொல்றதையும் சேத்துச் சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க, இத்தன வருசமா எங்க கையால தின்னவருக்குப் புரியாமயா போயிரும்? அவரு இருக்குற எடத்துக்கு யாரு வந்தாலும் அவருக்குத் தெரியும். எங்க வீட்டு ஆள ஒருக்காத் தூக்கிவிட்டவரு. எம்மவன் அங்க வந்தா தண்ணிக்கு மேல அனுப்பிவிடச் சொல்லுங்க. முடியாதுன்னா, ஒரு வாய் டீயக் குடுத்து பக்கத்துல உக்கார வெச்சுக்கச் சொல்லுங்க. அந்த ரெண்டாவது ரொட்டி அவனுக்குத்தான்.