பெட்டிக்குக் கைதட்டு

இத்தாலியில், சீசாப் பகுதிக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. அவர்கள்தான் உரக்கக் கதைத்தார்கள். கறுப்புச் சட்டைக்காரி தொடங்கினாள்.

"செத்தவருக்குக் கை தட்டினவை, அக்கா."

மற்றவள் கொஞ்சம் மூத்தவள். "ஆருக்கடி?"

"நான் பராமரிச்ச கிழவருக்கு. பெட்டி வேதக்கோயில் வாசலுக்கு வர, எல்லாரும் படபடவெண்டு தட்டினவை."

"முந்தி பாண்ட் வைச்சிருந்தவரெல்லே?"

"ஓம். ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச காலம் ஹோட்டலிலை அவர் வாசிக்க, சனம் சோடி சோடியா ஆடினதாம். பிறகு கிதார்ப் பெடியள் வர, இவர் கப்பலிலை வாசிச்சார். கடைசியிலை கலியாண வீடுகள்."

"அப்ப தட்டினால் என்ன?"

"செத்தவீட்டிலையோ? எனக்குப் பொறுக்கேல்லை. கையை உயர்த்தி, நிப்பாட்டுங்கோ எண்டு கத்திப்போட்டன். தமிழிலை."

"பிறகு?"

"எல்லாரும் நிப்பாட்டிப்போட்டினம்."

"நல்லாயிருக்கு. இனி அவற்றை மனிசியைப் பார்க்கிற வேலையை உனக்குத் தருவினமோ? வேலையில்லாமல் இஞ்சை இருக்கிற பெர்மெஸ்ஸோ விசாவை என்னெண்டு புதுப்பிப்பாய்?"

"கிழவற்றை மகள் சினோரா கூப்பிட்டுக் கதைச்சவ. வாசிச்ச மனிசனைக் கை தட்டாமல் அனுப்பினால்தான் இஞ்சை மரியாதையில்லையாம்."

"வேலை?"

"திங்கட்கிழமை வரட்டாம். ஆனால் தன்ரை அம்மாவின்ரை பெட்டி போகேக்கை நானும் தட்டவேணுமாம்."

"நீ என்ன சொன்னனி?"

கறுப்புச் சட்டைக்காரி கைப்பையை மடியில் நேராக வைத்தாள்.

"ஓம் எண்டன். மெதுவாத்தான் தட்டுவன்."