ஒரு விரல் இடைவெளி

காருக்குக் கண்ணாடி மாட்டுகிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். நம்மைப் பற்றி ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தப் பல் டாக்டர் மட்டும்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சாப்டியா தம்பி?" என்று கேட்டார். என்னை யாராவது அப்படிக் கேட்டுப் பல வருஷமாகியிருந்தது. அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் ஓட்டி வந்தது என் கார். நான் முதன்முதலில் வாங்கிய கார். வெண்ணெய் நிறத்தை நீலமாக்கிவிட்டிருந்தார்கள். ஆனால் முன்கதவில் கை வைக்கும் ரெக்சின் திண்டைத் தடவிப் பார்த்தேன். என் மகளின் பல் தடம் அப்படியே இருந்தது. பல் முளைக்கிற வயதில், அம்மா மடியில் உட்கார்ந்து அதைத்தான் கடித்துக்கொண்டு வருவாள். நான் தடவுவதை டாக்டர் பார்த்துவிட்டார்.

"யாரோ ஒரு வாண்டு கடிச்சிருக்கு தம்பி. மேல ரெண்டு, கீழ ரெண்டு. அதுக்காகவே இத நான் மாத்தல."

அவருக்குப் பிள்ளை கிடையாது, மனைவியும் காலமாகிவிட்டார். அது என் மகள் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே உடைந்து அழுதிருப்பேன்.

அந்தக் கார் இருந்தவரை என் வாழ்க்கையில் பேச்சுச் சத்தம் இருந்தது. "மெதுவா போங்க, பாப்பா தூங்குறா" என்று மனைவி பக்கத்திலிருந்து என் தோளைத் தட்டிச் சொல்லுவாள். பிறகு ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை. அந்த ஆத்திரத்தில் வந்த விலைக்குக் காரைத் தலைமுழுகினேன். என்னிடம் மிஞ்சியிருந்த ஒரே நல்ல பொருளை நானே விற்றேன் என்பது மெல்லத்தான் உறைத்தது.

அந்தக் காருக்கு ஒரு குறை உண்டு. எக்ஸாஸ்ட் புகை தளத்துக்கு அடியிலிருந்து உள்ளே கசியும். வாடை பெரிதாகத் தெரியாது. மனைவிக்குத் தலை வலிக்கும், குழந்தை வாந்தி எடுப்பாள். தளத்தையே வெட்டினால்தான் சரியாகும், அதுவரை கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள், மூடினால் உயிருக்கே ஆபத்து என்றார் மெக்கானிக். மனைவியோ முடி கலைகிறதென்று ஏற்றிவிடுவாள். அதனால் கதவைப் பிரித்து உள்ளே ஒரு ரப்பர் கட்டையை வைத்தேன். என்ன சுற்றினாலும் ஒரு விரல் அகலம் திறந்தே நிற்கும். அவர்களுக்காக என் கையால் செய்தது அது.

டாக்டர் வந்ததே அதற்காகத்தான். "கண்ணாடி முழுசா ஏறல தம்பி, காதுல குளிர் அடிக்குது." பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு என் மனம் சுத்தமாக இருந்தது.

பிறகு ஞாயிறுதோறும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவார். காரைவிட்டு இறங்கமாட்டார். பேட்டரி இறங்கிவிடும் என்று இன்ஜினை ஓடவிட்டபடியே ரேடியோ கேட்பார். நான் திண்டில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவர் வீட்டு வாசலில் வைத்து, காரை விலைக்குக் கேட்டுப் பார்த்தேன்.

"இதையும் குடுத்துட்டு நான் யார்கூடப்பா இருக்கிறது?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, எனக்கப்புறம் நீயே வச்சுக்க. தங்கச்சி, நீதான் சாட்சி" என்று, பார்க்க வந்திருந்த தன் தங்கையைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். விளையாட்டாகச் சொன்னார்தான். ஆனால் சொன்ன சொல் சொல்தானே.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிறவன் இல்லை நான். பல நாள் யோசித்தேன். பிறகு நானே கூப்பிட்டு, கண்ணாடியைச் சரிசெய்து தருகிறேன் என்றேன். கட்டையை எடுத்தேன். சுற்றிலும் புது ரப்பர் போட்டேன். கதவை மூடினால் தெருச் சத்தம்கூட உள்ளே வராது. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே காது தப்பிச்சுது" என்றார். அதற்குப் பிறகு, முட்டி வலி என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை போவதை நிறுத்திக்கொண்டேன்.

ஒருமுறை பட்டறைக்கு வந்தார். "தலை பாரமாவே இருக்கு தம்பி. மூக்குக்கண்ணாடி பவர் ஏறிடுச்சோ என்னவோ."

"கண் டாக்டரப் பாருங்களேன்" என்றேன்.

பார்த்திருக்கிறார். ஏரிக்கரையில் அவரைக் கண்டெடுத்தபோது புது மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாராம், ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாம். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது, புண்ணியவான் என்று பேசிக்கொண்டார்கள். அந்த வயதில் யாரும் அதற்குமேல் தோண்டுவதில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் தங்கை சாவியை என் கையில் வைத்து, "அண்ணன் சொன்ன சொல்லு" என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

அன்றைக்கே கட்டையை மறுபடி உள்ளே வைத்தேன். பிறகு ஞாயிறுதோறும் தனியாகப் போனேன். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். "மெதுவாத்தான் போறேன்" என்று சில சமயம் வாய்விட்டுச் சொல்வேன்.

போன வாரம் நல்ல மழை. டாக்டரின் தங்கை பஸ் ஸ்டாப்பில் நனைந்துகொண்டு நின்றாள். மனசு கேட்கவில்லை, ஏற்றிக்கொண்டேன். சாரலில் அவள் தோள் நனைந்தது.

"ஏண்ணே, இந்தக் கண்ணாடி மறுபடியும் ஏறலியா? நீங்கதானே சரி பண்ணீங்க?"

"வேணாம்மா, இது இப்படியே இருக்கட்டும். மூடினா தலை வலிக்கும்" என்றேன்.

அவள் அந்த ஒரு விரல் இடைவெளியையே பார்த்தாள். வீடு வருவதற்கு முன்பே, கொட்டுகிற மழையில் இறங்கிக்கொண்டாள். அண்ணன் கடைசி நாட்களில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் அவள்தானே. நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

ஆமாம், கட்டையை எடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் எடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கார் உங்கள் ஸ்டேஷன் முற்றத்தில் நிற்கிறது; நாளைக்கு யாராவது ஓட்டிப் பார்ப்பார்கள். கதவைப் பிரித்து அந்தக் கட்டையை எடுத்துவிட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள். ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்தும் பேசாமல் இருக்க என்னால் முடியாது.