சொந்த மொழிக்கு வாங்கிய பாராட்டு

அயலார்க்கும் அகம் திறந்த அன்பரே! பல மொழி பேசும் பிள்ளைகளைப் பாடத்துக்குள் பாங்காய் அழைத்துவந்த பண்பாளரே! கடல் கடந்து வந்த பயிற்சி மாணவர்க்குக் கைப்பிடியாகவும், கடல் கடந்து சென்ற நம் மாணவர்க்கு வழித்துணையாகவும் வாழ்ந்த வள்ளலே! ஆசிரியர் கல்வித் துறையின் அயலகப் பரிமாற்றப் பிரிவை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒற்றை ஆளாய்த் தாங்கி, இன்று பணி நிறைவு பெறும் பேராசிரியரே! எங்கள் எல்லோருக்கும் 'பரிமாற்றக்கா'வே! வணக்கம்.

அடைமொழிகளை இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். இன்னும் அடுக்கினால் "எந்தக் கடையில வாங்குனீங்க இந்த வார்த்தையெல்லாம்?" என்று அக்கா கேட்டுவிடுவார். இந்த ஆண்டு அவருக்கு நேர்ந்ததை அவரே தேநீர் வேளைகளில் துண்டு துண்டாகச் சொன்னார். மீதியை இந்த ஆண்டு பரிமாற்றத்தில் வந்த பயிற்சிப் பெண் சொன்னாள். இரண்டையும் சேர்த்து, நடந்தது நடந்தபடி அவையோருக்குச் சொல்கிறோம். அக்கா, நீங்கள் சற்றே பொறுத்து, யாரோ ஒருவர் கதையைக் கேட்பதுபோலக் கேளுங்கள்.

அக்கா இந்த நாட்டில் பிறந்தவர் அல்லர். துறையில் பழையவர்களுக்கு அது தெரியும். புதியவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். ஒரே ஒரு பருவம் பள்ளிகளில் கற்பித்துப் பழகிவிட்டுத் திரும்ப வேண்டிய பரிமாற்ற மாணவியாக, ஒரு பெட்டியோடு இங்கே வந்து இறங்கினார். பருவம் முடிவதற்குள் அவருடைய நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது. அவர் படித்த பயிற்சிக் கல்லூரியை இழுத்துப் பூட்டினார்கள். கொஞ்சம் பொறுத்துப் போகலாம் என்று இருந்தார். பொறுத்திருந்தபோது வேலை கிடைத்தது. வேலை பார்த்த இடத்தில், புவியியல் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தந்த விரிவுரையாளர் ஒருவர் அவருக்குக் கணவரானார். மகன் பிறந்தான். இடையில் ஊருக்கு இரண்டு தடவை போனார், இரண்டும் சாவுக்கு. அப்பா போனபோது ஒரு தடவை, அம்மா போனபோது ஒரு தடவை. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளாக, வா என்று கூப்பிட அங்கே ஆளில்லை.

கணவர் அக்காவின் மொழியில் மூன்று வாக்கியம் பேசுவார்: "தண்ணி குடு", "நேரமாச்சு", "கோபமா?" மூன்றையும் தப்பாகத்தான் சொல்வார். கோபமா என்று கேட்கும்போது மட்டும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடுமாம், கோபம் போய்விடுமாம். அவர் காலமானதோடு அந்த மூன்று வாக்கியங்களும் வீட்டைவிட்டுப் போயின. மகனுக்கு இந்த ஊர் மொழிதான். அவன் இப்போது வேறொரு நாட்டில் குடும்பமாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும் திரையில் வந்து பேசுவான். பேரன் கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவான்.

மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் அக்கா தன் மொழியில் வாய்விட்டுப் பேசுவார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "யாரோட பேசிட்டிருக்கீங்க?" என்றார்.

"செடியோட."

"பதில் சொல்லுதா?"

"சொல்லாது. ஆனா தப்பா புரிஞ்சுக்கவும் செய்யாது."

இப்படிப்பட்டவரிடம்தான் நம் துறை பரிமாற்றப் பிரிவை ஒப்படைத்தது. வந்தவர்க்கு அறை தேடி, போனவர்க்குப் பள்ளி தேடி, இருவர்க்கும் இடையில் தன் உறக்கத்தைத் தொலைத்து உழைத்தார். வகுப்பில் எத்தனை வீட்டு மொழிகள் உண்டோ அத்தனையும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தனையும் அங்கே இருக்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பார். பிள்ளையின் வீட்டு மொழி பள்ளி வாசலில் விட்டுவிட்டு வருகிற குடை இல்லை என்பார். பிறந்த ஊரை விட்டு நகராத நாங்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டோம், தேர்வுக்கும் வைத்தோம். அதை அவர் எங்கிருந்து பேசினார் என்று யோசித்தோமா என்றால், அவ்வளவாக இல்லை.

இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் பரிமாற்றத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் வந்தது. அந்த ஒன்றும் அக்காவின் நாட்டிலிருந்து வந்தது. அக்காவுக்குப் பிறகு, இத்தனை ஆண்டில் அங்கிருந்து வரும் முதல் ஆள். அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வழக்கமாக ஓட்டுநரை அனுப்புகிறவர், அன்று விமான நிலையத்துக்குத் தாமே போனார். போவதற்கு முன் கண்ணாடி முன்னால் நின்று, என்ன சொல்லி வரவேற்பது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாராம், பெண் பார்க்க வருகிறவர்களிடம் பேசப் பழகுகிற மாதிரி.

அந்தப் பெண் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். அக்கா முன்னால் போய், தங்கள் மொழியில், "வாம்மா, வழியெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்றார்.

பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "அடேயப்பா, ரொம்ப நல்லா பேசுறீங்களே மேடம்! எங்க பாஷைய எங்க கத்துக்கிட்டீங்க? வெளிநாட்டுக்காரங்க இவ்வளவு சுத்தமா பேசி நான் கேட்டதே இல்ல. பழைய ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரியே இருக்கு!"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அக்காவின் பெயர் கணவர் வீட்டுப் பெயர். உடை இந்த ஊர் உடை. தலையாட்டுவது, கையசைப்பது எல்லாமே இந்த ஊர்தான். பேச்சு மட்டும், கிளம்பி வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே உறைந்து கிடந்தது. அங்கே ஊரில் அந்த மொழி ஓடிப்போய் எங்கேயோ நின்றது. அவள் மனதாரத்தான் பாராட்டினாள்.

அக்கா அவள் கையிலிருந்து தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டார். "இங்கதான்... ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டேன்," என்றார். பிறகு இந்த ஊர் மொழிக்கு மாறிக்கொண்டு, "நாம இப்படியே பேசுவோம். உனக்கும் பழகும்," என்றார். அன்று மாலை செடிகளுக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பேசவில்லை.

பெண்ணுக்கு ஆறாம் வகுப்பில் கணக்கு. ஏழு வீட்டு மொழிகள் இருந்த வகுப்பு அது. அவளுக்குக் கணக்கு கைவந்த கலை. நம் மொழிதான் காலை வாரியது. பின்னம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவள் சொன்னது வேறு என்னவோபோல ஒலித்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பொத்தாமலே சிரித்தார்கள். இடைவேளையில் அவளைப் போலப் பேசிக் காட்டுவது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒரு தாய் தலைமையாசிரியரிடம் வந்து நின்றார். "எங்க பிள்ளைக்கே இந்தப் பாஷை தகராறு சார். சொல்லித்தர்றவங்களுக்கும் தகராறுன்னா அவன் என்னத்தைக் கத்துப்பான்?" என்றார். அந்த அம்மா கேட்டது நியாயம்தான். தலைமையாசிரியர் துறைக்குத் தொலைபேசினார்.

துறைத்தலைவர் அக்காவைக் கூப்பிட்டார். "நேராவே சொல்லிடுறேன் அக்கா. இந்த வருஷம் வந்ததே ஒரு ஆளு. அதுவும் பாதியில போயிடுச்சுன்னா ஒப்பந்தத்தைப் புதுப்பிங்கன்னு நான் எந்த முகத்தோட மேல கேக்குறது? நீங்களும் ஓய்வு பெறப்போறீங்க. அந்த நாற்காலிக்கு வர்றேன்னு ஒருத்தரும் சொல்லல."

அவர் சொன்னது உண்மை. நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை.

அக்கா பள்ளிக்குப் போனார். பெண் சாக்பீஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த சிறு அறையில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"நான் ஊருக்குப் போறேன் மேடம். இங்க எனக்கு யாருமே இல்ல. நான் வாயைத் திறந்தா சிரிக்கிறாங்க. ஊர்ல நான்தான் வகுப்புலயே முதல் ஆளு, தெரியுமா? இங்க வந்து முட்டாளாயிட்டேன். அது உங்களுக்குப் புரியாது."

புரியாதா! அக்கா ஒரு சாக்பீஸ் பெட்டியை நகர்த்திவிட்டு அவளருகே உட்கார்ந்தார். "நாளைக்கு உன் வகுப்பை எனக்குக் குடு. நீ கடைசி வரிசையில உட்காரு. அப்புறம் போறதா இருந்தா நானே டிக்கெட் எடுத்துத் தர்றேன்," என்றார்.

மறுநாள் அக்கா வகுப்புக்குள் நுழைந்து, கரும்பலகையைத் துடைத்து, தன் மொழியில் பாடத்தைத் தொடங்கினார். இந்த ஊர்ச் சொல் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா நிறுத்தவில்லை. காகிதத்தை மடித்தார், காட்டினார், மொழிந்தார். மறுபடி மடித்தார், மறுபடி மொழிந்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. வழக்கமாகக் கையை முந்தி உயர்த்துகிற பிள்ளைகள் விழித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் விஷயத்தைப் பிடித்தது யார் என்றால், வீட்டில் வேறு மொழி பேசுகிற மூன்று பிள்ளைகள். புரியாத பேச்சுக்கு நடுவே கையையும் கண்ணையும் பார்த்துப் பிழைத்துக்கொள்ளத் தினந்தோறும் பழகியவர்கள் அவர்கள். ஒரு சிறுமி எழுந்து, அக்கா சொன்ன சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லி, காகிதத்தில் நாலில் ஒரு பங்கைத் தொட்டுக் காட்டினாள். வகுப்பு வாயைப் பிளந்தது. பிறகு ஆளாளுக்கு அவளிடம் கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்த உற்சாகத்தில் ஒருவன் நாற்காலியைப் பின்னால் சாய்த்து ஆட்டி, மல்லாக்க விழப் பார்த்தான். அக்கா பதறிப்போய் ஒரு சொல் சொன்னார். திட்டும் கொஞ்சலும் கலந்த சொல். அவர் நாட்டில் அம்மாக்கள், விழப்போகிற பிள்ளையைப் பிடிக்கும்போது மட்டும் சொல்கிற சொல். எந்த அகராதியிலும் இருக்காது, எந்த வாத்தியாரும் சொல்லித்தர மாட்டார்.

கடைசி வரிசையில் அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

மணி அடித்ததும் நடைபாதையில் அவள் அக்காவை மறித்தாள். "மேடம், நீங்க எங்க ஊரா?" தன் மொழியில்தான் கேட்டாள்.

"ஆமா. ஆத்துக்கு அந்தப் பக்கம், மேட்டுத்தெரு."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நல்லா பேசுறீங்கன்னு அவ்வளவு சந்தோஷமா சொன்னே. அதைக் கெடுக்க மனசு வரல."

பெண்ணுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நான் உங்களை வெளிநாட்டுக்காரின்னு நினைச்சேனே!"

"தப்பில்ல. நானே சில நாள் அப்படித்தான் நினைக்கிறேன்."

அவள் ஊருக்குப் போகவில்லை. பிள்ளைகளும் ஒரே நாளில் தேவதைகள் ஆகிவிடவில்லை. ஒருவன் கடைசி வாரம் வரை அவளைப் போலப் பேசிக் காட்டினான். ஆனால் அவள் சொல் புரியாதபோது, என்ன சொல்ல வருகிறார் என்று கேட்கிற வகுப்பாக அது ஆனது. முறையிட்ட தாய் மறுபடியும் வந்தார். தன் மகனுக்கு மாலையில் கொஞ்சம் கணக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அன்று பள்ளிக்கு வந்து அந்தப் பாடவேளையைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அறிவியல் கற்பித்தல் விரிவுரையாளர், அக்காவின் பொறுப்பைத் தாம் ஏற்பதாக மறுநாளே எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அக்காவும் பெண்ணும் விடிய விடியப் பேசித் தீர்த்திருப்பார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்படி இல்லையாம். அக்கா விசாரித்த தெருக்களை இடித்துச் சாலை போட்டுவிட்டார்கள். பெண் சொன்ன இடங்கள் அக்காவுக்குத் தெரியவில்லை. மேட்டுத்தெரு என்று ஒன்று இருந்ததையே அவள் பெரியவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். இருவரும் உட்கார்ந்து வானிலையைப் பற்றியும் பின்னக் கணக்கைப் பற்றியும் பேசினார்கள். "பரவாயில்ல, காதுல விழுந்துச்சே, அதுவே போதும்," என்றார் அக்கா. போதும் என்று சொன்ன விதத்தில் போதவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

பருவம் முடிந்தது. விமான நிலையத்தில் அக்கா, தன் மொழியில் விடைகொடுக்கச் சொல்கிற நீண்ட வாக்கியத்தை முழுதாகச் சொன்னார். பெண் அவரைக் கட்டிக்கொண்டு, "இப்ப யாரும் அவ்வளவு நீளமா சொல்றதில்ல மேடம். ஒரே வார்த்தைதான்," என்று ஒரு குட்டிச் சொல்லைச் சொன்னாள். அக்கா அதைத் திருப்பிச் சொன்னார். முதல் தடவை சரியாக வரவில்லை. அவள் திருத்தினாள். இரண்டாம் தடவை வந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போகவில்லை. நேரே துறைக்கு வந்தார். ஆசிரியர் அறையில் நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். உட்காராமல், கைப்பையைக்கூட இறக்காமல், "ஒரு வார்த்தை சொல்றேன், சொல்லிப் பாக்குறீங்களா?" என்றார். இத்தனை ஆண்டில் அவர் எங்களிடம் கேட்ட முதல் உதவி அதுதான். நாங்கள் சொன்னோம். ஒருவர் மூக்கால் சொன்னார், ஒருவர் நாக்கைக் கடித்துக்கொண்டார், துறைத்தலைவர் சொன்னது தும்மல்போல இருந்தது. அக்கா யாரையும் திருத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை," என்றார். பிறகு, "இன்னொரு தடவை."

அன்றிலிருந்து இன்றுவரை நாங்கள் பழகிக்கொண்டிருக்கிறோம், அக்கா. எங்கள் எழுத்தில் அந்தச் சொல் அடங்காததால் இந்த மடலில் அதை எழுதவில்லை. வாசிப்பவர் வாசித்து முடித்ததும் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று அதைச் சொல்லப்போகிறோம். தப்பாகத்தான் சொல்வோம்.

உடல் நலம் குன்றாமல், உள்ளம் தளராமல், உங்கள் மாடிச் செடிகள் பூத்துக் குலுங்க, நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். ஒவ்வொரு புதன்கிழமை மாலையும் எங்களில் ஒருவர் வந்து உங்கள் வீட்டு அழைப்புமணியை அடிப்பார். கதவைத் திறந்து, ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்து, நாங்கள் அதைக் கெடுப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க உங்களுக்கு ஆயுளும் பொறுமையும் பெருகட்டும்!

இங்ஙனம்,
உங்கள் மொழியின் முதல் வகுப்பு மாணவர்களாகிய
ஆசிரியர் கல்வித் துறைப் பேராசிரியர்கள், விரிவுரையாளர்கள், அலுவலர்கள்