ஆணியில இல்லாத டோக்கன்

ராஜப்பா: நில்லுங்க. டோக்கன் எடுக்காம உள்ள வரக்கூடாது.

கோவிந்தசாமி: டேய் ராஜப்பா, நான் உன் நைனாடா.

ராஜப்பா: நைனாதான். டோக்கன் எடுங்க நைனா.

கோவிந்தசாமி: இது கலர் பாட்டில் மூடிடா...

ராஜப்பா: ஓட்டை போட்டு கம்பி கட்டிகீது. அப்ப டோக்கன்தான். நீங்க ஷாஃப்ட்ல டோக்கன் எடுக்காம கீழ எறங்கற கேஜ்ல ஏறுவீங்களா?

கோவிந்தசாமி: அது சுரங்கம்டா. மேல வராம எவனாவது உள்ள மாட்டிகினா தெரியணுமேன்னு வெச்சிருந்தாங்க. வூட்டுக்குள்ள எவன்டா மாட்டிக்கப் போறான்?

ராஜப்பா: என்கூட இருக்கற தம்மபாலன். கக்கூஸ்ல. தாப்பா வுழுந்துடுச்சி. நான் இந்த டோக்கன் போர்டு பாத்தேன், அவன் ஆணி காலியா இருந்திச்சி. அப்ப உள்ளதான் கீறான்னு தேடிப் போய் தொறந்தேன்.

கோவிந்தசாமி: சரி, இதுல எதுடா என்னுது?

ராஜப்பா: விருந்தாளி ஆணி அந்த ஓரம்.

கோவிந்தசாமி: சரி, எடுத்துட்டேன். போதுமா? இப்ப உன் துணிமணியக் கட்டு. வூட்டுக்குப் போலாம்.

ராஜப்பா: எதுக்கு?

கோவிந்தசாமி: எதுக்குன்னா... உங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல.

ராஜப்பா: இன்னா ஒடம்புக்கு?

கோவிந்தசாமி: காய்ச்சல். காலைலேர்ந்து கண்ணே தொறக்கல. ராஜப்பா ராஜப்பான்னு பொலம்பிகினு கீறா.

ராஜப்பா: காலைலேர்ந்தா?

கோவிந்தசாமி: ஆமாடா. இன்னா அப்டி முழிக்கிறே?

ராஜப்பா: ஒண்ணும் இல்ல. சொல்லக்கூடாது.

கோவிந்தசாமி: இன்னா சொல்லக்கூடாது?

ராஜப்பா: அதான் சொல்லக்கூடாது.

கோவிந்தசாமி: இங்க வந்து சேந்ததுலேர்ந்து உன் பேச்சே மாறிப்போச்சி. உங்கள இங்க கொண்டாந்து வெச்ச அந்த ஜூடித்தம்மா இன்னா சொக்குப்பொடி போட்டாங்களோ... எங்க அவங்க?

ராஜப்பா: பக்கத்து வூடு. கூப்டா வருவாங்க. கூப்டலன்னா வர மாட்டாங்க. இது எங்க மூணு பேர் வூடு.

கோவிந்தசாமி: வெவரம் பத்தாத மூணு பசங்கள ஒரு லைன் வூட்ல தனியா வுட்டு... ஊரே சிரிக்குதுடா.

ராஜப்பா: ஊர் சிரிக்கல. நேத்து தம்மபாலன் சிரிச்சான். அவன் மட்டும்தான்.

கோவிந்தசாமி: சாப்பாட்டுக்கு இன்னாடா பண்றீங்க?

ராஜப்பா: சமைக்கிறோம். பேத்தமங்களா பஸ் போன பின்னாடி சாப்புடுவோம்.

கோவிந்தசாமி: பஸ்ஸுக்கும் சோத்துக்கும் இன்னாடா சம்பந்தம்?

ராஜப்பா: ஆபிரகாம் பஸ் போனாதான் சாப்புடுவான். நேத்து பஸ் ரிப்பேரு. சோறு ஆறிப்போச்சி. மூணு பேரும் ரோட்டையே பாத்துகினு இருந்தோம்.

கோவிந்தசாமி: கர்மம்... இப்ப எங்க அவனுங்க?

ராஜப்பா: ஆண்டர்சன்பேட்டைக்கு. காய் வாங்க.

கோவிந்தசாமி: அதான் அவனுங்க டோக்கன் ரெண்டும் தொங்குது. உன் ஆணியும் காலி, என் ஆணியும் காலி. சரி... இங்க இன்னொரு விருந்தாளி ஆணி காலியா கீதே.

ராஜப்பா: ஆமா.

கோவிந்தசாமி: உள்ள யாரு?

ராஜப்பா: அது யார் டோக்கன்னு நைனாவாண்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லிச்சி.

கோவிந்தசாமி: ...இன்னாது?

ராஜப்பா: நான் சொல்லல. சொல்லக்கூடாதுன்னுதான் சொன்னேன்.

கோவிந்தசாமி: ஏ... பாப்பம்மா. வெளிய வா.

பாப்பம்மா: வரேன், வரேன். ஏன் கத்தறே? வெங்காயம் அரிஞ்சிகினு கீறேன்.

கோவிந்தசாமி: நீ கத்திரிக்கா வாங்கத்தானே பேட்டைக்குப் போறேன்னே?

பாப்பம்மா: நீ சீட்டு ஆடத்தானே போறேன்னே? எனக்கு காய்ச்சலாமே. கண்ணே தொறக்கலியாமே. உள்ளேர்ந்து எல்லாம் கேட்டுகினுதான் இருந்தேன்.

ராஜப்பா: அம்மா, நைனா கால் ஒடஞ்சி கெடக்கறாரு, வூட்டுக்கு வான்னு சொன்னே. நடந்து வந்தாரு.

கோவிந்தசாமி: அடிப்பாவி. நல்லா கீற கால ஒடச்சிட்டியேமே.

பாப்பம்மா: நீ மட்டும் என்னப் படுக்கையில போடல?

ராஜப்பா: அம்மாவுக்கு காய்ச்சல் இல்ல. நைனாவுக்கு கால் ஒடையல. அப்ப நான் எதுக்கு வரணும்?

பாப்பம்மா: ...நீ சொல்லுய்யா.

கோவிந்தசாமி: நீ சொல்லு.

ராஜப்பா: யாராவது ஒருத்தர் சொல்லுங்க. சோறு அடிபுடிக்கும்.

பாப்பம்மா: கண்ணு... உனக்கு இங்க புடிச்சிகீதா? நெஜமா சொல்லு.

ராஜப்பா: புடிச்சிகீது. வாசல் சாவி என்னாண்ட கீது. வூட்ல எனக்கு சாவி குடுக்கல.

கோவிந்தசாமி: தொலைச்சிடுவியோன்னு...

ராஜப்பா: தொலைக்கல. தம்மபாலன் சாவியக்கூட நான்தான் தேடிக் குடுத்தேன். அரிசி டப்பாவுல இருந்திச்சி.

கோவிந்தசாமி: அப்ப வர மாட்டே?

ராஜப்பா: ஞாயித்துக்கெழம வரேன். சாயந்தரம் திரும்பிடுவேன். இன்னிக்கு நான் சமைக்கிற முறை. நீங்க ரெண்டு பேரும் சாப்ட்டுட்டுப் போங்க. பஸ் போனதும்.

பாப்பம்மா: ருசி பாத்தேன்யா. சாம்பார்ல உப்பு, காரம் எல்லாம் சரியா கீது. நான் வெங்காயம்தான் அரிஞ்சேன். அதையும் பெருசு பெருசா அரியறேன்னு திட்டறான்.

கோவிந்தசாமி: உன்னையே திட்டறானா...

ராஜப்பா: நைனா அழறாரு.

கோவிந்தசாமி: இல்லடா. வெங்காயம்.

ராஜப்பா: வெங்காயம் சமையக்கட்டுல கீது. நீங்க வாசல்ல கீறீங்க.

பாப்பம்மா: சொல்லிடுய்யா அவனாண்ட. பொய் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப்போச்சி.

கோவிந்தசாமி: எங்கள வுட்டா உன்னால இருக்க முடியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சோம்டா, ராஜப்பா... இருக்க முடியாதது நாங்க ரெண்டு பேருதான்.